கைராசி



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மாணவர் பேரவைத் தம்பிகள் இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். "தன்னம்பிக்கை பத்தி எழுதுங்கண்ணா, நல்லா இருக்கும்" என்றார்கள். தன்னம்பிக்கை பற்றி எழுத ஊரில் ஆள் நிறைய இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும்தான். அதனால் ஒரு ஐ.சி. செத்துப்போன கதையை எழுதுகிறேன். அதைக் கொன்றவன் நான். பழியை வாங்கிக்கொண்டவன் வேறொருவன்.

1995-ஆம் வருடம். டிப்ளமோ எலெக்ட்ரானிக்ஸ் கடைசி வருடம். எங்கள் ப்ராஜெக்ட் குழுவில் நான்கு பேர். நம்ம ஊர் ஆடிக் கிருத்திகைக் கூட்டம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காவடி, பம்பை, மொட்டைத் தலை, 'அரோகரா' என்று மலைப்படி 365-ம் ஜனங்களால் நிரம்பி வழியும். எத்தனை பேர் ஏறினார்கள் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்வார்கள். அதை எண்ண ஒரு கருவி செய்வோம் என்று கிளம்பினோம். படியின் ஒரு பக்கம் ஒரு பல்பு, எதிர்ப்பக்கம் எல்.டி.ஆர். ஆள் குறுக்கே போனால் வெளிச்சம் மறையும், 555 ஒரு பல்ஸ் கொடுக்கும், ஐந்து சி.டி.4026 ஐ.சி.கள் அதை எண்ணி, எல்.டி.543 டிஸ்ப்ளேயில் காட்டும். ஐந்து இலக்கம், 99,999 வரை. "அதுக்கு மேல ஜனம் வந்தா?" என்று கேட்டார் லெக்சரர். "மறுபடி சைபர்ல இருந்து முருகன் பார்த்துப்பார் சார்" என்றான் எங்களில் ஒருவன். (இரண்டு பேர் தோளோடு தோள் சேர்ந்து போனால் ஒரு ஆளாகத்தான் எண்ணும். அதை அவர் கேட்கவில்லை. நாங்களும் வாயைத் திறக்கவில்லை.)

குழுவில் ஒருவன் பொதட்டூர்பேட்டைக்காரன். அவன் பெயர் இங்கே வேண்டாம். ஹாஸ்டலில் எல்லாரும் அவனை 'பேட்டை' என்றுதான் கூப்பிடுவோம். வீட்டில் நான்கு விசைத்தறி. சனி, ஞாயிறு ஊருக்குப் போய் ராத்திரி ஷிப்ட் தறி ஓட்டிவிட்டு, திங்கட்கிழமை காலையில் கண் சிவந்து வகுப்புக்கு வருவான். ஆனால் சால்டரிங் மட்டும் அவனைப் போல் எங்கள் செட்டில் யாருக்கும் வராது. இழை அறுந்தால் முடிச்சுப் போட்டே பழகிய விரல் அல்லவா. ஈயம் மணி மணியாக, பளபளவென்று நிற்கும்.

ஐ.சி. வாங்க நான்தான் சென்னைக்கு ரயில் ஏறினேன். ரிச்சி தெருவில் கடைக்காரர் ஐந்து 4026-ஐயும் ஒரு கறுப்புப் பஞ்சுத் துண்டில் குத்தி, பேப்பரில் மடித்துக் கொடுத்தார். "இதிலேயே இருக்கட்டும் தம்பி, போர்டு ரெடியானதும் எடுங்க" என்றார். எங்கே கேட்டேன்! வீட்டுக்கு வந்ததும் அந்தக் கறுப்புப் பஞ்சு அழுக்காகத் தெரிந்தது, தொட்டால் கையில் ஒட்டியது. அக்கா கல்யாணத்துக்கு மணமக்கள் பெயர் வெட்டி மிச்சமான தெர்மோகோல் வீட்டில் கிடந்தது. வெள்ளை வெளேரென்று. அதில் ஐந்தையும் வரிசையாகக் குத்தி வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது, பாலிதீன் கவரில் போட்டு ஹாஸ்டலுக்கு எடுத்துப் போனேன்.

போர்டு தயாரானது. பேட்டைதான் முக்கால்வாசி சால்டர் பண்ணினான். ஐ.சி.களை சாக்கெட்டில் பொருத்தினோம், எண்ணிற்று. அன்று ராத்திரி ஆளுக்கு இரண்டு பரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டோம். வைவாவுக்கு முந்தைய நாள் மத்தியானம், பத்தாம் இலக்க ஐ.சி. சாக்கெட்டில் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருப்பதாக எனக்குப் பட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பாலியெஸ்டர் சட்டையோடு, அதைப் பிடுங்கி, காலை நேராக்கி, கொஞ்ச நேரம் தெர்மோகோலில் குத்தி வைத்திருந்து, மறுபடி சொருகினேன். சித்திரை வெயில் தகரம் போலக் காய்ந்துகொண்டிருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் வெளித்தேர்வாளர் முன்னால் கரண்ட் கொடுத்தது பேட்டை. அந்தக் காலத்து பேட்டரி எலிமினேட்டர் உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். ப்ளஸ் மைனஸை மாற்றிக்கொள்ள அதில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அது மாறியிருந்ததை அவன் கவனிக்கவில்லை. ஆன் பண்ணினான், டிஸ்ப்ளே எரியவில்லை. ஐயையோ என்று சுவிட்சை மாற்றினான், எரிந்தது. ஐந்து சைபர். கையை வீசினோம். ஒன்று, இரண்டு, மூன்று... ஒன்பது. அடுத்தது பத்து என்று வரவில்லை. மறுபடி சைபர். பத்தாம் இலக்கம் கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்துவிட்டது. எத்தனை முறை கை வீசினாலும் ஒன்பதுக்கு மேல் போகவில்லை.

"சப்ளையைத் தலைகீழா குடுத்தா ஐ.சி. போகத்தானே செய்யும்?" என்றார் தேர்வாளர். நான் திரும்பி, "இவன்தான் சார் மாத்திக் குடுத்தான்" என்றேன். அந்த வாக்கியம் இன்றும் என் காதில் கேட்கிறது. பேட்டை தலையைக் குனிந்து நின்றான். எனக்கும் மற்ற இருவருக்கும் பாஸ் மார்க்குக்கு மேல் கிடைத்தது. அவனுக்கு மார்க் குறைந்தது. அதுகூடப் பரவாயில்லை. ஐ.சி.க்கான காசை நான்கு பங்கில் மற்ற மூன்று பங்கையும் அவனே திருப்பிக் கொடுத்தான், நாங்கள் வாங்கிக்கொண்டோம்.

"எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் கைராசி இல்லடா" என்றான் போகும்போது. அவன் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எல்லை ஊர்தானே நமது, 1960 ஏப்ரலில் தமிழ்நாட்டுப் பக்கம் சேரும்வரை சித்தூர் ஜில்லாதானே. அவன் அம்மா இதையே 'ஹஸ்தவாசி' என்பார்கள். டிப்ளமோவை முடித்தான், சர்ட்டிபிகேட்டைப் பெட்டியில் வைத்தான், தறிக்குத் திரும்பிவிட்டான்.

நான் நம்ம ஊரிலேயே டி.வி. மெக்கானிக்காகப் பல வருடம் ஓட்டினேன். பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகள் வந்தன. 2006-ல் நோக்கியா அங்கே உற்பத்தியைத் தொடங்கியது, 2014 நவம்பரில் மூடியது. அந்த வருடங்களில் அந்த வட்டாரத்து ஆலைகளுக்குப் போய்வந்த நம் பக்கத்துப் பெண் பிள்ளைகளுக்கு, செருப்பில் கட்டும் ஹீல் ஸ்ட்ராப் என்றால் என்னவென்று டிகிரி படித்தவர்களைவிட நன்றாகத் தெரியும். நானும் 2007-ல் அங்கே ஒரு அசெம்பிளி யூனிட்டில் சேர்ந்தேன். முதல் நாளே வேலை தரவில்லை. ஒரு அறையில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தார்கள்.

பாடம் எடுத்தவர் சின்னப் பையன், என்னைவிடப் பத்து வயது இளையவர். கையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மீட்டர். பொருளைத் தொடாமலே, ஒரு அங்குல தூரத்தில் பிடித்தால் அதன் மேல் எத்தனை வோல்ட் ஸ்டேட்டிக் இருக்கிறது என்று காட்டும். மேஜையில் நாம் தினமும் புழங்கும் சாமான்கள்: டீ கப், செலோடேப், பாலிதீன் கவர், ஒரு தெர்மோகோல் துண்டு. செலோடேப்பை ஒரு சாண் பிரித்தார், எண் ஆயிரக்கணக்கில் ஏறியது. தெர்மோகோலைச் சட்டையில் ஒரு தேய் தேய்த்தார், மறுபடி ஆயிரக்கணக்கில். "ஐ.சி.க்கு இவன்தான் எமன்" என்றார். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. என் கண்ணுக்கு அந்த மேஜை தெரியவில்லை. வெள்ளைத் துண்டில் வரிசையாகக் குத்திய ஐந்து 4026-தான் தெரிந்தது.

இனிமேல் கொஞ்சம் பாடம், பொறுத்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு வராது, வேலைக்கு வரும்.

இரண்டு பொருள் ஒட்டிப் பிரிந்தால் ஒன்றிலிருந்து எலெக்ட்ரான் இன்னொன்றுக்குப் போகும். சீப்பில் தலை வாரினால் காகிதத் துணுக்கு ஒட்டுவது, பழைய பிக்சர் ட்யூப் டி.வி. அருகில் கையைக் கொண்டுபோனால் ரோமம் சிலிர்ப்பது, எல்லாம் இந்தச் சமாச்சாரம்தான். நாம் நடந்தாலும், நாற்காலியிலிருந்து எழுந்தாலும் நம் உடம்பில் அது ஏறும். கதவுக் கைப்பிடியைத் தொடும்போது 'சுருக்' என்று குத்தினால், உங்கள் உடம்பில் ஏறக்குறைய 3,000 வோல்ட் இருந்தது என்று பொருள். அதற்குக் கீழே இருந்தால் நமக்குத் தெரியவே தெரியாது. விஷயமே அங்கேதான் இருக்கிறது. நமக்கு உறைக்காத 100, 200 வோல்ட்டே சில ஐ.சி.களுக்குப் போதும்.

3,000 வோல்ட் என்றால் நாம் ஏன் சாகவில்லை? இந்தத் துறையில் மனித உடம்பை 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டர், அதோடு 1,500 ஓம் ரெசிஸ்டர் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வார்கள். ½CV² போட்டுப் பாருங்கள். 0.45 மில்லி ஜூல். ஒன்றுமே இல்லாத சக்தி. ஆனால் 3,000-ஐ 1,500-ஆல் வகுத்தால் 2 ஆம்பியர்! மைக்ரோ செகண்டில் ஒரு சின்னப் பங்கு நேரம்தான் என்றாலும், அது முழுவதும் ஊசிமுனை அளவுகூட இல்லாத இடத்தில் பாய்கிறது. (அதே 0.45 மில்லி ஜூல் பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கவும் போதும். டேங்கர் லாரியில் பெட்ரோல் இறக்கும்போது எர்த் கிளிப் மாட்டுவது அதற்காகத்தான்.)

4026 போன்ற சிமாஸ் ஐ.சி.யில் கேட் என்ற வாசலுக்கும் அதன் கீழுள்ள சிலிக்கனுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிப் படலம், சிலிக்கன் ஆக்ஸைடு. 4000 வரிசை ஐ.சி.களை ஆர்.சி.ஏ. நிறுவனம் 1968-ல் கொண்டுவந்த காலத்து அளவில் பார்த்தால், அந்தப் படலம் சுமார் 100 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு நானோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு வோல்ட் தாங்கும், அதற்கு மேல் போனால் பொத்தலாகிவிடும். பொத்தலானால் ஒட்ட முடியாது. காலுக்குப் பக்கத்திலேயே காவலுக்கு டையோடுகள் வைத்திருக்கிறார்கள், உண்மைதான். அது ஓரளவு வரைக்கும்தான் காக்கும். இன்று உங்கள் சட்டைப் பையிலுள்ள போனுக்குள் அந்தப் படலம் சில நானோமீட்டர்தான் என்றால் யோசித்துப் பாருங்கள். ஆரம்ப கால மாஸ்ஃபெட்டுகளில் சிலவற்றுக்கு எல்லாக் கால்களையும் சேர்த்துக் கட்டிய ஒரு கம்பி வளையம் போட்டே விற்பார்கள். சால்டர் பண்ணி முடித்த பிறகுதான் வளையத்தைக் கழற்ற வேண்டும். அந்தக் கறுப்புப் பஞ்சும் அதே வேலையைத்தான் செய்கிறது. அது கரி கலந்த, கரண்ட் கடத்தும் பஞ்சு. எல்லாக் கால்களையும் ஒரே வோல்டேஜில் பிடித்து வைக்கும். ரிச்சி தெருக் கடைக்காரர் ஐ.சி.க்குச் சட்டை போட்டுக் கொடுத்தார். நான் அதைக் கழற்றி முள் மேல் படுக்க வைத்தேன்.

இன்னொன்று, நம் ஊர். சென்னைக்கு எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர்தான், ஆனால் கடல்காற்றின் ஈரம் நமக்கு வேண்டிய நேரத்தில் வந்து சேராது. கோடையில் வானிலை அறிக்கையில் வேலூரோடு திருத்தணி பெயரும் வருவது நமக்கு ஒரு பெருமை! ஈரம் இல்லாத காற்றில் ஸ்டேட்டிக் கசிந்து போக வழியில்லை. பாடத்தில் ஒரு அட்டவணை காட்டினார்கள். பெஞ்சில் உட்கார்ந்து வேலை செய்பவர் உடம்பில், காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் இருந்தால் 100 வோல்ட், அதுவே 20 சதவீதத்துக்குக் கீழே போனால் 6,000 வோல்ட் வரை. பெஞ்சிலிருந்து ஒரு பாலிதீன் கவரை எடுத்தால் 1,200 வோல்ட், காய்ந்த காற்றில் 20,000. இதைப் பார்த்ததும் எனக்கு பேட்டை ஹாஸ்டலில் சொன்னது ஞாபகம் வந்தது. "எங்கப்பா வெயில் நாள்ல தறிக் கொட்டாய்ல தரை முழுக்கத் தண்ணி தெளிச்சுட்டுத்தான் பாவு தொடுவாரு. காத்து காஞ்சா பாலியெஸ்டர் இழை ஒண்ணையொண்ணு மொறச்சுக்கும், மயிர் கூச்செறிஞ்ச மாதிரி நிக்கும்." நாங்கள் சிரித்தோம். எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற நாங்கள்!

2008 பொங்கலுக்கு வீட்டில் வெள்ளையடித்தபோது பரணிலிருந்து அந்த போர்டு இறங்கியது. தூசியைத் துடைத்துப் பார்த்தேன். சப்ளை வயர் உள்ளே வரும் இடத்தில் ஒரு டையோடு, 1என்4007. எங்கள் ரெக்கார்டு நோட்டுப் படத்தில் அது கிடையாது. சால்டரிங் பேட்டையினுடையது, மணி மாதிரி. அதாவது, சப்ளையைத் தலைகீழாகக் கொடுத்தால் தடுத்து நிறுத்த அவனே யாரும் சொல்லாமல் ஒரு டையோடு போட்டிருக்கிறான். அன்றைக்கு முதலில் டிஸ்ப்ளே எரியாமல் இருந்ததற்குக் காரணமே அதுதான். டையோடு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

மனசு ஒப்பவில்லை. 9 வோல்ட் கொடுத்தேன். ஒன்றாம் இலக்கம் எண்ணிற்று. ஐ.சி.களை ஒவ்வொன்றாக இடம் மாற்றினேன், இந்த முறை மணிக்கட்டில் பட்டையோடு. நான்கு ஐ.சி. எந்த சாக்கெட்டில் போட்டாலும் எண்ணின. ஒன்று மட்டும் எங்கே போட்டாலும் பிணம். நான் பிடுங்கி, நேராக்கி, தெர்மோகோலில் குத்தி, மறுபடி சொருகிய அதே ஐ.சி. ஐந்துக்கும் ஒரே சப்ளை லைன்தான். தலைகீழ் கரண்ட் உள்ளே போயிருந்தால் ஐந்தும் போயிருக்க வேண்டும், ஒன்று மட்டும் போகுமா? ஐ.சி.யை உடைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கவில்லை, அந்த வசதி எனக்கு இல்லை. ஆனால் எனக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

உடனே பொதட்டூர்பேட்டைக்கு பஸ் ஏறினேன் என்று எழுத ஆசைதான். ஏறவில்லை. அடுத்த வாரம், அடுத்த பண்டிகை என்று தள்ளிக்கொண்டே போனேன். டிசம்பர் 31 ராத்திரி படித்திருவிழாவில் இரண்டு முறை அவனைப் பார்த்தேன். ஒவ்வொரு படியிலும் திருப்புகழ் பாடி, கற்பூரம் ஏற்றி ஜனம் ஏறிக்கொண்டிருந்தது. "நல்லா இருக்கியாடா?" "இருக்கேன்டா." அவ்வளவுதான். ஐ.சி.க்கான காசில் என் பங்கை வாங்கிச் சட்டைப் பையில் போட்டவன் நான். எந்த முகத்தோடு ஆரம்பிப்பது?

கதையை நிறுத்திவிட்டு உங்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன், மறந்துவிடும். ஆலையில் இருக்கும் ஏற்பாடு எல்லாம் ஹாஸ்டல் அறையில் நடக்காது. ஆனால் ஒரு மணிக்கட்டுப் பட்டை விலைக்குக் கிடைக்கிறது, வாங்குங்கள். அதன் வயருக்குள் ஒரு மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். செம்புக் கம்பியைக் கையில் சுற்றி நேராக எர்த்தில் கட்டிக்கொள்ளும் புத்திசாலிகளைப் பார்த்திருக்கிறேன். தெரியாமல் 230 வோல்ட்டைத் தொட்டால் அந்த ஆளே ஃப்யூஸ். ஒரு மெகாஓம் இருந்தால் கால் மில்லி ஆம்பியருக்கும் குறைவாகத்தான் பாயும், ஆள் பிழைப்பான். ஸ்டேட்டிக் இறங்க அந்த வழியே தாராளம். இரண்டு பின் ப்ளக்கில் சால்டரிங் அயர்ன் ஓட்டாதீர்கள், மூன்று பின்னும் உண்மையான எர்த்தும் வேண்டும். ப்ளக் பாயிண்ட்டில் மூன்றாவது ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. செல்போன் சர்வீஸ் கடைகளில் நீல நிறப் பாய் ஒன்று மேஜையில் விரித்திருப்பார்கள். அதன் மூலையில் உள்ள பித்தளைப் பொத்தானிலிருந்து ஒரு வயர் எர்த்துக்குப் போகிறதா பாருங்கள். பல கடைகளில் போகாது. அது வெறும் மேஜை விரிப்பு.

பட்டை கட்டிவிட்டேன், இனிமேல் பயமில்லை என்று பக்கத்திலேயே தெர்மோகோலை வைத்துக்கொள்ளவும் கூடாது. நம் உடம்பு கரண்ட் கடத்தும், அதனால் பட்டை வழியே இறக்கிவிடலாம். தெர்மோகோல், பாலிதீன், செலோடேப் இவை கடத்தாது. அவற்றில் எர்த் வயரைக் கட்டினாலும் சார்ஜ் இருந்த இடத்திலேயே இருக்கும். அவற்றைத் தூரத்தில் வைப்பது ஒன்றுதான் வழி. ஆலைகளில் அயனியாக்கும் விசிறி வைத்து அடிக்கிறார்கள். நமக்கு அது எதற்கு? ரோஸ் கலர் கவர் தானாக ஸ்டேட்டிக் உண்டாக்காது, ஆனால் வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. வெள்ளி நிறக் கவர்தான் தடுக்கும். அதுவும் இல்லையென்றால் ஐ.சி.யின் கால்களை அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள். ஐ.சி.யைக் கடைசியில் சொருகுங்கள், சொருகும் முன் எர்த் ஆன இரும்பை ஒரு முறை தொடுங்கள், பருத்திச் சட்டை போடுங்கள். இன்னொன்று. அடிபட்ட ஐ.சி. எல்லாம் உடனே சாவதில்லை. சில அரைகுறையாகக் காயம் பட்டு, வேலை செய்துகொண்டே இருந்து, பிறகொரு நாள் காலை வாரும். அன்றைக்கு அதைத் தொட்டுக்கொண்டிருப்பவன் தலையில்தான் பழி விழும்.

போன தை மாதம் போனேன். போர்டை வெள்ளிக் கவரில் போட்டு, புதிதாக ஒரு 4026 வாங்கி (ரிச்சி தெருவில் இன்னும் கிடைக்கிறது), கறுப்புப் பஞ்சோடு எடுத்துப்போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம், தறி நின்றிருந்தது. கொட்டாய்த் தரை ஈரமாக இருந்தது. அவனுக்கு முடி முக்கால்வாசி நரைத்துவிட்டது. எனக்கு நரைக்கவே முடி இல்லை.

"டேய், அந்த ஐ.சி.யை நீ கெடுக்கல. நான்தான் கெடுத்தேன்."

"எந்த ஐ.சி.?" என்றான். கேட்கும்போதே அவன் கண் போர்டின் மேல் போய்விட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். தெர்மோகோல், நாற்காலி, சித்திரை வெயில், பரண், டையோடு. டையோடு என்றதும் போர்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினான்.

"ஆமா, நான்தான் போட்டேன். எங்க வீட்டு டேப்ரெக்கார்டர் அந்த எலிமினேட்டர்லதான் போச்சு. அதனால பயந்து போட்டேன்."

"அப்போ ஏன்டா அன்னைக்கே சொல்லல? டையோடு இருக்கு, என் மேல தப்பில்லன்னு?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா நீ அவ்வளவு உறுதியா சொன்னப்போ, ஒருவேளை டையோடையும் நானே தப்பாத்தான் போட்டிருக்கேனோன்னு தோணிடுச்சு. ராத்திரி முழுக்கத் தறி ஓட்டிட்டு வந்து போட்டதுதானே."

என்னிடம் அதற்குப் பதில் இல்லை. "மன்னிச்சிடுடா" என்றேன். "அதெல்லாம் விடு, மூணு பேர் காசையும் வட்டியோட எடு" என்று கையை நீட்டினான். பிறகு அதே கையில் மணிக்கட்டுப் பட்டையை மாட்டச் சொன்னான். தறி மோட்டாரின் எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்த்து, கிளிப்பை மாட்டினேன். புது ஐ.சி.யைப் பஞ்சிலிருந்து எடுத்து, காலைப் பார்த்து, பத்தாம் இலக்க சாக்கெட்டில் ஒரே அழுத்தில் உட்காரவைத்தான். கண்ணாடி இல்லாமல். நான் 9 வோல்ட் கொடுத்தேன். தறி விளக்கை எல்.டி.ஆர். பக்கம் திருப்பினோம். ஐந்து சைபர்.

அவன் கையைக் குறுக்கே வீசினான். ஒன்று. மறுபடி. இரண்டு. அவன் சம்சாரம் வாசலில் வந்து நின்று, "இன்னா பண்றீங்க ரெண்டு பேரும்? சோறு ஆறுது" என்றார்கள். ஏழு. எட்டு. ஒன்பதில் கையை நிறுத்தி என்னைப் பார்த்தான். பிறகு வீசினான். 00010.

"சோறு இருக்கட்டும்மா" என்றான். பதினொன்று. பன்னிரண்டு.